மறதி நோய்க்குப் பின்னும் வாழ்வு உண்டு

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, றிவர்ஸ்டன், இலுக்கும்புர வழியாக லக்கலவுக்குச் செல்லும் மலைப்பாதையை அறிந்தவர்கள், அப்பாதை சென்று சேர்ந்த பழைய பல்லேகம நகரையும் அறிந்திருப்பார்கள். அந்நகர் இன்று இல்லை. மொரகஹகந்த - களு கங்கை அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018ஆம் ஆண்டு நீர் தேக்கப்பட்டபோது அது நீருக்குள் மறைந்தது. கடைகளும் அரச அலுவலகங்களும் புதிதாகக் கட்டப்பட்ட லக்கல நகருக்கு மாற்றப்பட்டன.

என் பெரியப்பா எழுபதுகளில் பல்லேகமவில் தபாலதிபராகக் கடமையாற்றியவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்கு டிமென்சியா எனப்படும் மறதி நோய் தொடங்கியிருப்பதாக மருத்துவர் கூறினார். அதற்குச் சில மாதங்களின் பின்னர், பழைய தபாலகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாய்க் கேட்க, அவருடைய மகனும் நானும் அவரை அழைத்துச் சென்றோம். வழி நெடுகிலும் அவர் உற்சாகமாக இருந்தார். எந்த வளைவில் தபால் பை ஏற்றிய பஸ் நின்றுபோனது, எந்த இடத்தில் மூடுபனியில் சாரதி இறங்கி முன்னால் நடந்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அன்று காலை என்ன சாப்பிட்டார் என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை.

நீர்த்தேக்கத்தின் கரையில் இறங்கியதும், "தபாலகம் எங்கே?" என்று கேட்டார். "அது தண்ணீருக்குள் போய்விட்டது அப்பா, உங்களுக்கு முன்னமே சொன்னேனே" என்றார் மகன். பெரியப்பா குழந்தையைப் போல அழுதார். பத்து நிமிடங்களின் பின்னர் அதே கேள்வியை மீண்டும் கேட்டார். மகனும் அதே பதிலைச் சொன்னார். அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவரைப் போல அவர் மீண்டும் அழுதார். உண்மையைச் சொல்லித்தானே ஆகவேண்டும் என்று நாங்கள் எண்ணினோம். ஒரே இழப்பை ஒரு மனிதருக்கு ஒரே நாளில் இருமுறை அறிவித்திருக்கிறோம் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாம் முறை அவர் கேட்டபோது, என்ன சொல்வதென்று தெரியாமல், "பெரியப்பா, அங்கே யார் யாருக்குக் கடிதம் வரும்?" என்று கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பணக்கட்டளைக்காக மாதந்தோறும் மலையிறங்கி வரும் தாய்மாரைப் பற்றி, எழுத்தறியாதவர்களுக்குத் தாம் கடிதம் வாசித்துக் காட்டியதைப் பற்றி, துக்கச் செய்தி வந்த தந்தியை எடுத்துக்கொண்டு தாமே நடந்து சென்றதைப் பற்றி. "தந்தியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பக்கூடாது தம்பி. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்" என்றார். நோய் வந்த பின்னும் எனக்குக் கற்பிக்க அவரிடம் அவ்வளவு இருந்தது.

அன்பான வாசகர்களே, எம்மாவுக்குச் சென்ற இரு சீடர்களின் வரலாற்றை லூக்கா நற்செய்தியில் பலமுறை வாசித்திருக்கிறோம். அவர்கள் எருசலேமை விட்டு விலகி, போகக்கூடாத திசையிலே போய்க்கொண்டிருந்தார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களை வழிமறித்துத் திருப்பியனுப்பவில்லை. கூடவே நடந்தார். எல்லாம் அறிந்தவராயிருந்தும், நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார். விளக்கங்களை அதன் பின்னரே கொடுத்தார். அவ்விளக்கங்களால் உள்ளம் பற்றியெரிந்தபோதும் அவர்கள் அவரை அறிந்துகொண்டது அப்பம் பிட்கப்பட்ட வேளையில்தான். மறதி நோயாளரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் ஒன்றை நான் கண்டதில்லை. இது பொய் சொல்வதாகாதா என்று சிலர் தயங்குவர். பொய் எதையும் சொல்லத் தேவையில்லை, கேட்டால் போதும்.

நம்மவரிடையே 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று ஒரு சொல் வழக்கு உண்டு. அச்சொல்லோடு அந்த மனிதரின் கணக்கை முடித்துவிடுகிறோம். பெரியப்பாவின் வீட்டிலும் அதுவே நடந்தது. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன வாரத்திலேயே கடைக்குப் போவது நிறுத்தப்பட்டது, பணப்பை பறிக்கப்பட்டது, ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசித்து வந்தவரை, தடுமாறினால் வெட்கக்கேடு என்று பின் இருக்கைக்கு அனுப்பினோம். அயலவருக்கு 'வயதுதான்' என்று சொல்லி மறைத்தோம். அவருக்கே கூட நோயின் பெயரைச் சொல்லவில்லை. நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, அந்த ஒரு வாரத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டதே அதிகம்.

அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறிஸ்டீன் பிறைடன் என்னும் கிறிஸ்தவப் பெண்மணி அந்நாட்டுப் பிரதமரின் திணைக்களத்தில் உயர் பதவி வகித்தவர். 1995இல், 46ஆவது வயதில், மூன்று பெண் பிள்ளைகளின் தாயாக இருந்தபோது, அவருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறப்பட்டது. பதவியை விட நேர்ந்தது. ஆயினும் அவர் ஒதுங்கிவிடவில்லை. தம் அனுபவத்தை நூல்களாக எழுதினார்; 2003இல் சர்வதேச அல்சைமர் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இந்நோயுடன் வாழ்பவர்களுள் முதலாமவராக இடம்பெற்றார். எல்லோருக்கும் நோய் அவ்வளவு மெதுவாக முற்றுவதில்லை, அதை மறைக்கலாகாது. ஆனால் நோய் கண்டறியப்படும் நாளுக்கும் நினைவு மங்கும் நாளுக்கும் இடையே பலருக்கும் சில ஆண்டுகள் உண்டு. அந்த ஆண்டுகள் நோயாளருக்கு உரியவை. அவற்றை அவர் கேளாமலே நாம் செலவழித்துவிடுகிறோம்.

முதலில் மருத்துவரிடம் போகவேண்டும். மறதியெல்லாம் டிமென்சியா ஆகாது. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியனவும் மறதியை உண்டாக்கும், இவற்றைச் சீர்செய்யலாம். அல்சைமர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. என்றாலும் இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துவதும், நடப்பதும், காது கேட்காதவருக்குக் கேட்கும் கருவி வாங்கிக் கொடுப்பதும் வீண்போகாது. கேட்காத காதை மறதியென்று நினைத்துத் திட்டும் வீடுகள் பல. கொழும்பில் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் இலங்கை அல்சைமர் மன்றம் நோயாளருக்கும் பராமரிப்போருக்கும் துணை செய்கிறது. மலையகத்துக் குடும்பங்களுக்கு அது தொலைவுதான். ஆயினும் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2021ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு கூறும்போது, நம் வீட்டு நோயை ஒளித்து வைப்பதில் என்ன பொருள்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெற்றோரை மாதத்துக்கு ஒரு பிள்ளை என்று முறை வைத்துப் பார்ப்பது நம் குடும்பங்களில் நியாயமான ஏற்பாடாகக் கருதப்படுகிறது. பிள்ளைகளுக்கு அது நியாயம். மறதி நோயாளருக்கோ, கதவு எந்தப் பக்கம், கழிவறை எந்தப் பக்கம் என்பதில்தான் பாதி நினைவு தங்கியிருக்கிறது. லக்கலவில் ஒரு நகர் ஒருமுறை இடம் மாறியது. நினைவு தெளிவாக உள்ள முதியவர்களுக்கே புதிய ஊரில் கால் பழக நாள் எடுக்கும். நினைவு மங்கும் தாய்க்கு நாம் மாதந்தோறும் ஊரை மாற்றுகிறோம். பராமரிப்பவர்கள் முறை வைத்து வரட்டும். அவர் தம் கட்டிலிலேயே இருக்கட்டும்.

காணி, வீடு பற்றிய விருப்பத்தை நொத்தாரிசு முன் எழுதுவதானால் அறிவு தெளிவாயிருக்கும்போதே எழுதட்டும். ஆன்ம காரியமும் அவ்வாறே. நோயிற்பூசுதலை நாம் இன்னும் 'அவஸ்தைப்பூசுதல்' என்றே மனதில் வைத்துக்கொண்டு, மூச்சிழுக்கும் நேரம்வரை குருவானவரை அழைப்பதில்லை. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும் நிலையிலேயே அதைப் பெறலாம் என்பது திருச்சபையின் சட்டம். தம் வாயால் 'ஆமென்' சொல்லக்கூடிய காலத்தில் அவர் அதைப் பெறுவது எவ்வளவு நல்லது! நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர உபவாசத்திலிருந்து முதியோருக்கும் நோயாளருக்கும் மட்டுமன்றி அவர்களைப் பராமரிப்போருக்கும் சட்டம் விலக்களித்திருக்கிறது. கஞ்சி ஊட்டிக்கொண்டே தானும் ஒரு வாய் சாப்பிட்ட மனைவியை அச்சட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அன்பியங்கள் அவளை நினைக்கின்றனவா? வாரத்தில் இரண்டு மணி நேரம் யாராவது வந்து அமர்ந்திருந்தால் பெரியம்மாவும் கோயிலுக்குப் போவார். சற்று உறங்கவும் செய்வார்.

லக்கலவிலிருந்து திரும்பிய பின்னர் எங்கள் வீட்டில் சில மாற்றங்கள் வந்தன. பெரியப்பாவிடம் அவருடைய நோயின் பெயரைச் சொன்னோம். "எனக்கும் ஏதோ என்று தெரியும்" என்றார், அழவில்லை. பணப்பை சிறு தொகையுடன் திரும்பக் கொடுக்கப்பட்டது. மாலையில் குடும்பமாகச் செபமாலை சொல்லும்போது அன்றைய தேவ இரகசியம் எதுவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் மங்கள வார்த்தை செபத்தை யாராவது தொடங்கினால் பிசகாமல் முடிப்பார். வாழ்நாளெல்லாம் நாளும் சொல்லிப் பழகியது, நேற்றைய செய்தி அழிந்த பின்னும் நெடுங்காலம் நிலைக்கிறது. அதுவும் ஒருநாள் போகலாம். எசாயா வழியாக இறைவன் தந்த உறுதி, நாம் அவரை நினைத்திருப்பதைச் சார்ந்ததன்று. அவர் நம்மை மறவாதிருப்பதைச் சார்ந்தது.

பங்குத்தந்தையிடமும் ஒளிக்காமல் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, ஞாயிறு திருப்பலிக்கு முன்னர் பாட்டுத் தாள்களை வாசலில் நின்று கொடுக்கும் வேலையைப் பெரியப்பாவிடம் ஒப்படைத்தார். சிங்களத் திருப்பலிக்கு ஒரு கட்டு, தமிழ்த் திருப்பலிக்கு ஒரு கட்டு. சென்ற ஞாயிறு போய்ப் பார்த்தேன். தாள்களை மேசையில் தட்டி ஓரம் சேர்த்து, தபாலகத்தில் கடிதங்களைப் பிரிப்பதைப் போலவே விரைவாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "தமிழா, சிங்களமா ஐயா?" என்று மரியாதையோடு கேட்டு, எனக்கும் ஒன்று தந்தார்.