சுட்டிக்காட்டாத பிள்ளைகளைப் பற்றி ஊருக்கு ஒரு மடல்

அன்பான வடமராட்சி உறவுகளே,

ஸ்காபரோவில் சிறுபிள்ளைகள் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகளோடுதான் என் பொழுது போகிறது. நீங்கள் வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளையைக் காட்டி, "இன்னும் கதைக்கிறானில்லை, தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்றைக் கேட்க வேண்டும்போல் இருக்கும். அவன் விரல் நீட்டி எதையாவது காட்டுகிறானா?

ஒரு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். ஒன்றரை வயதுக்குள் மதிலில் ஓடும் அணிலைச் சுட்டிக்காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். அணில் அதற்குத் தேவையில்லை. உங்களோடு சேர்ந்து பார்ப்பதுதான் அதற்குச் சந்தோசம். இது வராமல், உங்கள் முகத்தைப் பாராமலே கையை இழுத்துக்கொண்டுபோய் பிஸ்கட் பேணியில் வைக்கிறதா? விளையாட்டுக் காரை ஓட்டாமல் சில்லை மட்டும் நெடுநேரம் சுழற்றுகிறதா? இவற்றில் ஒன்றைக் கண்டதும் ஓட்டிசம் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். ஆனால் சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால் ஒரு கிழமைகூடப் பொறுக்க வேண்டாம். கிளினிக் கொப்பியோடு குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளை வைத்திய நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள்.

இது எங்கோ ஒரு வீட்டில் நடப்பதல்ல. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் செய்து 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது.

தாயைக் குற்றம் சொல்வதை நிறுத்துங்கள். அவள் வளர்த்த விதத்தால் இது வருவதில்லை. தடுப்பூசியாலும் வருவதில்லை, அப்படி ஐயம் கிளப்பிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010 இல் மீளப்பெற்றுவிட்டது.

பிள்ளையைக் கனடாவுக்கு எடுத்தால் சரிவருமா என்று சிலர் கேட்கிறீர்கள். இங்கே ஒன்ராறியோவில் அரச உதவிக்குப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதைவிட, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016 இல் வெளிவந்த ஆய்வைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். நிபுணரல்லாத உள்ளூர் ஊழியர்கள் பெற்றோரைப் பழக்கினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுக்கப் பழகியதும், பிள்ளைகள் தாமாகவே அவர்களை நாடுவது கூடியது.

தவணைத் திகதி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். போனை ஒதுக்கிவிட்டு நிலத்தில், பிள்ளையின் முகத்துக்கு நேரே இருங்கள். சில்லைச் சுழற்றினால் பறிக்காதீர்கள். நீங்களும் ஒருக்கால் சுழற்றி, "சுத்துது" என்று ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள். பிறகு சில்லைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பொறுங்கள். அவன் நிமிர்ந்து பார்த்த உடனே விடுங்கள். அம்மம்மாமாருக்கு இதற்கு என்னைவிடப் பொறுமை உண்டு. நேர்த்தி வைப்பதென்றால் வையுங்கள், நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள். கிளினிக் நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.

கோயிலில் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக் கத்தும் பிள்ளையைக் கண்டால் தாயை முறைக்காமல் வழிவிடுங்கள். சனசமூக நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்துக்குக் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்து, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டார் எல்லோரையும் வரச் சொல்லுங்கள். தேத்தண்ணிச் செலவு என்னுடையது.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை