தினம் ஒரு பக்கம்!

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். கணவருக்கு அங்கே உத்தியோகம். கையில் இரண்டு வயதுக் குழந்தை. "நாவல் எழுத வேண்டுமென்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை அக்கா. எப்போதாவது நோட்டை எடுத்தால் ஒரே மூச்சில் இருபது பக்கம் ஓடும். அப்புறம் குழந்தைக்கு ஜுரம், ஊரிலிருந்து விருந்தாளி என்று ஏதாவது வந்துவிடும். மறுபடி நோட்டைத் தொடுவதற்குள் கதையே மறந்து போகிறது. நேரம் இருந்தால்தானே எழுத முடியும்?" என்று கேட்கிறார்.

நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது கிடைக்காது! நாவல் எழுதுவது தீபாவளிப் பட்சணம் செய்கிற மாதிரி இல்லை. அது தினம் தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறோம். ஆனால் ஒரு நாள் மறந்தால் மறுநாள் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டியதுதான்.

வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி உங்கள் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். 1901-இல் பிறந்தவர். ஐந்து வயசு தாண்டியதுமே கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் உட்கார்ந்து எழுதினார். 1925-இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று, முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோதும் எழுதுவதை விடவில்லை. மொத்தம் 115 நாவல்கள்! பத்திரிகை என்று ஒன்று இருந்ததால், எழுதியது தவறாமல் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் அவருக்கு. மனசு வந்தால் எழுதலாம் என்கிற பேச்சே கிடையாது.

நமக்குப் பத்திரிகை இல்லையே என்கிறீர்களா? நம்முடைய கெடுவை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நோட்டில் ஒரு பக்கம், சுமார் 150 வார்த்தை. வருஷத்தில் 65 நாளை விருந்துக்கும் ஜுரத்துக்கும் தள்ளிவிடுங்கள். மீதி 300 நாளில் 45,000 வார்த்தை ஆகிறது. சின்ன நாவல் ஒன்று முழுசாக வந்துவிட்டது!

சரி, எந்த நேரத்தில் எழுதுவது? அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டு பதிப்பகத்தில் வேலையும் பார்த்தவர். பொழுது விடிவதற்கு முன், பிள்ளைகள் எழுந்திருக்குமுன் எழுதினார். முதல் நாவல் 1970-இல் வந்தது. 1993-இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு, பால் கொடுக்கும் தாய்மார்கள் நாலு மணிக்கு எழுந்து உட்கார வேண்டாம்! இரவில் நாலு தடவை விழித்த உடம்புக்குத் தூக்கம்தான் முதல் மருந்து. குழந்தையின் மத்தியானத் தூக்கத்தில் முதல் இருபது நிமிஷம் போதும். ஏதாவது ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள்: தொட்டில் நின்றதும் நோட்டு. பாத்திரம் அப்புறம் ஆகட்டும், அது எங்கே ஓடிப்போகிறது?

ஜவ்வாது மலைச் சகோதரிக்கு ஒரு விஷயம். ஆலங்காயத்திலிருந்து மலையேறும்போது காவலூர் வானாய்வுக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1977-ஆம் வருஷம் மார்ச் மாதம், யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகிறதைப் பார்க்க அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்திருந்தார்கள். கிரகம் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் மங்கியது. அன்றைக்கு மற்ற இடங்களிலும் இப்படியே பதிவாக, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அவர்கள் வளையத்தைத் தேடிப் போகவில்லை. முன்கூட்டியே கருவியில் கண் வைத்துக் காத்திருந்தார்கள், அதனால் அது அகப்பட்டது. கதையும் அப்படித்தான். நல்ல வரி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அது வருகிற சமயம் நாம் நோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மலையில் உட்கார்ந்து எதை எழுதுவது?" என்றும் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி! ராஜம் கிருஷ்ணனின் கணவர் மின்துறைப் பொறியாளர். அவருடைய வேலைக்காக நீலகிரியில் வாழ்ந்தபோது, அங்குள்ள படகர் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்து எழுதியதுதான் 'குறிஞ்சித் தேன்'. உங்களைச் சுற்றிச் சாமைக் கொல்லை, பலா மரம், தேன் எடுக்கிறவர்கள், சந்தைக்கு இறங்கும் மலையாளிப் பெண்கள் இருக்கிறார்கள். கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்ட ஒரு வாரம்கூட ஆகாது. இன்று எழுதாததை அப்புறம் கீழே இறங்கி வந்து நினைவிலிருந்து தேட முடியாதம்மா.

இனி, வீட்டில் செய்யக்கூடிய சில யோசனைகள்:

நோட்டும் பேனாவும் ஒரே இடத்தில் இருக்கட்டும். தேடுகிற ஐந்து நிமிஷத்தில் குழந்தை எழுந்துவிடும்.

தரையில் குனிந்து எழுதாதீர்கள். சுவரில் சாய்ந்து, முதுகுக்குத் தலையணை வைத்து, மடியில் பலகை வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி உள்ளவர்களுக்கு இது ரொம்ப அவசியம்.

நேற்று எழுதியதைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். கடைசி நாலு வரியைப் படியுங்கள், மேலே போங்கள். திருத்தம் கதை முடிந்த பிறகு.

எழுதி முடிக்கும்போது, அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு வரி குறித்து வையுங்கள். அதுதான் நாளைக்கு உறை மோர்!

எழுதாத நாளிலும் தேதி போட்டு, "இன்று குழந்தைக்கு ஜுரம்" என்று ஒரு வரி எழுதுங்கள். நோட்டைத் தொட்ட பழக்கம் விட்டுப் போகாது. விட்டதைப் பிடிக்க மறுநாள் மூன்று பக்கம் எழுதப் போகாதீர்கள். ஒரு பக்கமே போதும்.

கடைசியாக ஒன்று, இதுதான் கஷ்டமானது. வீட்டில் சொல்லிவிடுங்கள். "இந்த இருபது நிமிஷம் நான் எழுதுகிறேன்" என்று கணவரிடமும் மாமியாரிடமும் சண்டையில்லாமல், சாதாரணமாகச் சொல்லுங்கள். அண்ணா பேப்பர் படிக்கிற நேரத்தை யாராவது கேட்கிறார்களா? மாமியார் பூஜை செய்கிற நேரத்தில் யாராவது கூப்பிடுகிறார்களா? நம் நேரத்துக்கு மட்டும் ஒரு பெயர் இல்லாததால்தான் ஆளாளுக்கு அதை எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் வைத்துவிட்டால், பத்து நாளில் அவர்களே குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா எழுதறா, சத்தம் போடாதே" என்று சொல்வார்கள்.

நாவல் முழுசையும் நினைத்து மலைக்க வேண்டாம். இன்றைக்கு ஒரு பக்கம். நாளைக் கதை நாளைக்கு!