வல்லாரையின் பூ

கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே நிரல்படத் தொகுத்த 99 பூக்களையும் தடையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கர் நம்மிடையே இன்றும் உளர். அவர்களிடம், வல்லாரை பூக்குமா என்று கேட்டுப் பாருங்கள். சம்பலுக்கென்று வீட்டிலே அடிக்கடி அரியும் இலைக்குப் பூவும் உண்டென்பது பலருக்குப் புதுச்செய்தியாகவே இருக்கும்.

வல்லாரை பூக்கத்தான் செய்கிறது; இலைக்குமேலே தலைநீட்டிப் பூக்கும் வழக்கந்தான் அதற்கில்லை. ஈரம் வற்றாத கிணற்றடியிலும் வாய்க்கால் வரம்பிலும் நிலத்தோடு நிலமாய்ப் படர்ந்து, கணுத்தோறும் வேரூன்றிப் பல்லாண்டு வாழும் பூடு அது. அக்கணுக்களிலே, இலைக்காம்பின் அடியில், குறுங்காம்பொன்றின் நுனியில் பெரும்பாலும் மூன்று பூக்கள், செம்மை கலந்த வெண்மை, கடுகளவே பருமன். இலைகளை விலக்கிக் குனிந்து நோக்கினாலன்றிக் கண்ணிற் படா. கொத்தமல்லியும் கரட்டும் வல்லாரைக்கு உறவினர் என்று தாவரநூலார் கூறுவர். பூவையுங் காயையும் ஆராய்ந்தே அங்ஙனம் கண்டனர். இலையை மட்டும் அறிந்தவன் இவ்வுறவை எங்ஙனம் ஊகிப்பான்?

பெயரை அறிந்து பொருளை அறியாமையால் விளையும் இடருக்கும் இப்பூடே சான்று. 'பிராமி' என்னும் வடமொழிப் பெயர் ஓரிடத்தில் வல்லாரையைக் குறிக்கும். வேறோரிடத்தில் நீர்ப்பிரமியைக் குறிக்கும். நீர்ப்பிரமியின் இலையோ சிறியது, தடித்தது, காம்பற்றது. வல்லாரை இலையோ நீண்ட காம்பின்மேற் குடைபோல் விரிவது. இரண்டையுங் கண்டவன் ஒரு கணமும் மயங்கான். ஏட்டை மட்டும் நம்பியவன் ஒன்றின் குணத்தை மற்றொன்றின்மேல் ஏற்றி எழுதிவிடுவான். மருந்துச் செய்தியில் இது சிறு பிழையன்று.

இலக்கிய வகுப்பிலும் இதே நிலைதான். பாட்டில் ஒரு பூ வந்ததும் 'ஒருவகைப் பூ' என்று பொருள் சொல்லி அப்பாற் செல்கிறோம். புலவன் அந்தப் பூவை ஏன் தேர்ந்தான், அதன் நிறமென்ன, எந்நிலத்தில் எவ்வேளையில் மலர்வது என்பவற்றை அறியாத மாணவனுக்கு உவமை எப்படி விளங்கும்? பரீட்சைக்குப் பாடம் முடிக்கவே நேரம் போதாதென்று ஆசிரியர் கூறுவர். உண்மைதான். ஆயினும், ஒரு தவணைக்கு ஒரு பாடவேளையேனும் மாணாக்கரைக் கிணற்றடிக்கும் வயல்வரம்புக்கும் அழைத்துச் செல்லுதல் இயலாததன்று. (நினைவாற்றல் பெருகுமென்று பரீட்சைக் காலத்தில் வல்லாரையை ஊட்டும் தாய்மார் இதனைத் தடுக்கமாட்டார்.)

உரையெழுதுவோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 'ஒருவகைப் பூ' என்பதை இனி விட்டுவிடுங்கள். அறிந்த பூவாயின் அதன் தோற்றத்தையும் வளருமிடத்தையும் இரண்டு வரியில் எழுதுங்கள். இன்னதென்று துணிய இயலாத பூவாயின், துணிய இயலவில்லை என்றே எழுதுங்கள்.