சுருமாக் குப்பிக்குள் என்ன?

ஹஜ், உம்ரா முடித்துத் திரும்புவோர் ஸம்ஸம் நீர், பேரீச்சம்பழத்தோடு சுருமாக் குப்பிகளையும் கொண்டுவந்து உறவினருக்கு அளிக்கின்றனர். ஸுன்னத் என்ற பிரியத்தோடு அதைக் கைக்குழந்தையின் கண்ணிலும் தீட்டுகிறோம். குப்பிக்குள் இருப்பது என்னவென்று கேட்க மட்டும் தயங்குகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்ததாக ஹதீஸ் நூல்களில் வருவது 'இஸ்மித்'. அதை ஆண்டிமனி எனும் அஞ்சனக் கல் என்றே பலரும் விளக்குகின்றனர். இன்று கடைகளில் சுருமா என விற்கப்படுபவற்றுள் பல, கலீனா என்னும் காரீயத் தாதுவின் பொடி. தூய கலீனாவில் 86 விழுக்காட்டுக்கு மேல் காரீயமே. (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது வேறு உலோகம்.)

கண்ணைக் கசக்கிய விரலைக் குழந்தை வாயில் வைக்கிறது. உடலுக்குள் செல்ல அந்த வழி போதும். விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை ஏற்றால், குழந்தையின் உடல் பாதியளவு ஏற்கிறது. இரத்தத்தில் கலந்ததில் ஒரு பகுதி சிறுநீரகத்தில் வடிகட்டப்படும்போது, நுண்குழாய்களின் தொடக்கப் பகுதியிலுள்ள செல்கள் அதில் சிறிதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. பின்னர் புரதத்தோடு பிணைத்துத் தம் உட்கருவுக்குள் துணுக்குகளாக அடைத்து வைக்கின்றன. நஞ்சைப் பரவவிடாமல் தடுக்க இறைவன் அமைத்த நுட்பம் அது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நஞ்சு வந்துகொண்டே இருந்தால் அச்செல்கள் மடிந்து, சுற்றிலும் தழும்பு படர்கிறது. இரத்த அழுத்தமும் யூரிக் அமிலம் தேங்கும் மூட்டுவலியும் தொடரக்கூடும். உடலில் தங்கும் காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் பல்லாண்டுகள் உறைந்து, கர்ப்ப காலத்தில் மீண்டும் இரத்தத்துக்கு வந்து கருவையும் எட்டுகிறது.

"உம்மம்மா காலத்திலிருந்து இடுகிறோம், யாருக்கு என்ன ஆயிற்று?" என்பர். சிறுநீரகம் பாதி வலுவிழந்த பின்னும் வலி காட்டாத உறுப்பு. கிரியேட்டினின் அளவும் அதுவரை இயல்பாகவே தோன்றலாம். முதுமையில் சிறுநீரகம் பழுதான நம் பெரியவர்களிடம் சுருமா பற்றி யார் கேட்டார்கள்?

காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவென ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விற்பவரின் பொடியை ஐயுறுவது ஸுன்னத்தை ஐயுறுவதாகாது. காரீயமற்றது என்னும் ஆய்வகச் சான்று இல்லாத சுருமாவைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடவே கூடாது என்பது நம் கருத்து. ஜமாஅத்தார் இதை ஒரு ஜும்ஆவில் எடுத்துரைத்தால் நலம். இதுவரை இட்டுவந்த பிள்ளைகளுக்கு, மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் காரீய அளவைப் பார்த்துவிடுங்கள். வழக்கமான சிறுநீரகப் பரிசோதனையில் அது தெரியாது.