கொஞ்சம் வெளியே இருங்க!

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க, மிஸ்ஸி."

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியருக்குப் பழகிப்போன வாக்கியம் இது. பல நேரம் இதைச் சொல்வது அடிபட்ட பெண் அல்ல, பக்கத்தில் நிற்பவர்தான். கணவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், பெற்ற அம்மாவாகவும் இருக்கலாம். அவர் சொல்வதற்கெல்லாம் அந்தப் பெண் குனிந்த தலை நிமிராமல் "ஆமாம்" போடுவாள்.

அனுபவமுள்ள தாதி அப்போது ஊசியையோ பஞ்சையோ முதலில் எடுப்பதில்லை. "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று கூட வந்தவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். நம்மவர்களுக்கு அங்கேதான் கோபம் வருகிறது. "நான் புருஷன்! எனக்குத் தெரியாம என்ன பேச்சு?" அந்தச் சாத்திய கதவைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

ஒரு காலத்தில், அடிபட்ட பெண் காயத்துக்கு மருத்துவமனை, புகாருக்குக் காவல் நிலையம், உதவிக்குச் சமூகநல இலாகா என்று அலைய வேண்டியிருந்தது. போன இடத்திலெல்லாம் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாவது இடத்திலேயே பலர் சோர்ந்து வீடு திரும்பிவிடுவார்கள். இதை மாற்றத்தான் 1994-இல் கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. என்ற ஒரே இட நெருக்கடி உதவி மையம் தொடங்கப்பட்டது. 1996-இல் சுகாதார அமைச்சு மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் இதை விரிவுபடுத்தியது. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்களுக்குக் கோலாலம்பூர் மருத்துவமனை தூரமில்லை. கிள்ளான்வாசிகளுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. அவசரப் பிரிவு முகப்பில் "ஓ.எஸ்.சி.சி." என்று சொன்னால் போதும், கூட்டத்தின் நடுவே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தனி அறை கிடைக்கும். மருத்துவர், போலீஸ், சமூகநல அதிகாரி ஆகியோர் அவளைத் தேடி வருவார்கள். கையில் போலீஸ் புகார் இருந்தால்தான் சிகிச்சை என்பதும் இல்லை.

கதவைச் சாத்திய பிறகு என்ன நடக்கிறது? முதலில் கேட்பது. வானொலியில் ஐந்து விநாடி அமைதி விழுந்தாலே நாங்கள் பதறிப்போய் ஒரு பாட்டைப் போட்டுவிடுவோம். தாதி அப்படிப் பதறக்கூடாது. அவள் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்குச் சொல்லித்தரும் வரிசையும் இதுதான்: காதுகொடுத்துக் கேள், என்ன தேவை என்று விசாரி, நம்புகிறேன் என்று உணர்த்து, பாதுகாப்புக்கு வழி செய், ஆதரவுடன் இணைத்துவிடு. "நீ என்ன செஞ்சே, அவர் அடிக்கிற அளவுக்கு?" என்ற கேள்வி அந்த வரிசையில் எங்குமே இல்லை.

எல்லாப் பெண்களும் அழுவதில்லை. சிலர் கத்துவார்கள், தாதியின் கையையே தட்டிவிடுவார்கள். சிலர் சம்பந்தமில்லாமல் சிரிப்பார்கள். "இவ்வளவு திமிரா பேசுறவளுக்கா இப்படி நடந்திருக்கும்?" என்று நாம் எடை போடுகிறோம். பயிற்சி பெற்ற தாதிக்கு அந்தக் கோபமும் ஒரு காயம்தான். "உங்களைத் தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். தன் உடம்பின் மேல் உரிமை பறிபோனவளுக்கு அந்த ஒரு கேள்வி எவ்வளவு பெரிய மருந்து என்று யோசித்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத காயமும் உண்டு. கழுத்தை நெரித்திருந்தால் வெளியே ஒரு தடயமும் இல்லாமல் போகலாம். குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை எச்சரிக்கை மணி. அன்றைக்கு நன்றாக இருந்தவருக்குச் சில நாள் கழித்தும் ஆபத்து வரலாம். "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள்.

பாலியல் வன்முறை என்றால் நேரம் மிக முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு ஐந்து நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல், அணிந்திருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவள் சம்மதம் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.

"பேர் சொல்லிடாதீங்க அக்கா" என்று எனக்கு வரும் குரல் பதிவுகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "மிஸ்ஸிகிட்ட சொன்னா ரகசியமா இருக்குமா?" நல்ல தாதி கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்ய மாட்டார். குழந்தை துன்புறுத்தப்பட்டதாகச் சந்தேகம் வந்தால், 2001-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டப்படி மருத்துவர் தெரிவித்தே ஆகவேண்டும். எதை யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே உண்மையைச் சொல்வதும் பராமரிப்பில் ஒரு பகுதிதான்.

சிகிச்சை முடிந்ததும் அவள் எங்கே போவாள்? அடித்தவனோடு அதே காரிலா? 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2018 ஜனவரி 1 முதல் சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். அதற்குப் போலீஸ் புகார் தேவையில்லை. 1982 முதல் இயங்கும் டபிள்யூ.ஏ.ஓ. எனும் பெண்கள் உதவி அமைப்பு தங்குமிடமும் தருகிறது.

இத்தனையும் நாட்டில் இருக்கிறது. ஆனால் இவை ஒன்றுகூட அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நடக்காது. அவளுக்காக நாம் பதில் சொல்லிவிட்டால், "பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கோ" என்று காதில் ஓதி அனுப்பிவிட்டால், மிஸ்ஸி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தைப்பது நெற்றியில் இருக்கும் காயத்தை மட்டும்தான். அடுத்த காயத்துக்கு யார் பொறுப்பு?

தவறு செய்யாத கணவருக்குப் பத்து நிமிடம் வெளியே உட்கார்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. மகளையோ மருமகளையோ தங்கையையோ அழைத்துப் போனால், மிஸ்ஸி சொல்வதற்கு முன் நீங்களே எழுந்து வெளியே வாருங்கள். ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் அவள் பேசியிருப்பாள்.

உதவிக்கு: தாலியான் காசிஹ் 15999 (24 மணி நேரமும்), டபிள்யூ.ஏ.ஓ. 03-3000 8858. இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும். பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம்.