சொல்லை அளந்து பேசுவோம்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்)

"நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது" என்பது நம் கிராமங்களில் வழங்கும் பழமொழி. வள்ளுவப் பெருந்தகையும் இனியவை கூறல், பயனில சொல்லாமை, சொல்வன்மை என்று சொல்லுக்காகவே தனித்தனி அதிகாரங்களை வகுத்துள்ளார். இனிமையாகப் பேச வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். சரியாகப் பேச வேண்டும் என்பதை நாம் அந்த அளவுக்கு எண்ணிப் பார்ப்பதில்லை. சரியான சொல்லே பல வேளைகளில் இனிய சொல்லாகவும் அமையும் என்பது என் கருத்து.

இதனை எனக்கு முதலில் உணர்த்தியது இயற்பியல் வகுப்பே. வீட்டில் நாம் எல்லாவற்றையும் 'சூடு' என்கிறோம். வகுப்பிலோ வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறியின் வெப்பநிலை, கொதிநீரின் வெப்பநிலையைவிடப் பன்மடங்கு அதிகம். எனினும் ஒரு பொறி கையில் பட்டால் சுருக்கென்பதோடு சரி. ஒரு குவளைக் கொதிநீர் பட்டாலோ கை வெந்துவிடும். பொறி மிகச் சிறியது. ஆதலால் அது தரும் வெப்பமும் சிறிது. இரு சொற்களையும் ஒன்றாக்கிவிட்டால் இந்த உண்மை விளங்காமலே போய்விடும் அன்றோ? 1999-ல் செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்ததும், பவுண்டு அலகில் ஒரு குழு தந்த எண்ணை மற்றொரு குழு நியூட்டன் அலகாகக் கொண்டதனால்தான்.

செய்முறை ஏட்டில் தவறான சொல்லை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். மனிதர்களைப் பற்றி நாம் சொல்லும் சொற்களைத் திருத்துவார் யார்?

'தற்குறி' என்னும் சொல்லைப் பாருங்கள். கையெழுத்திடத் தெரியாதவர் அதற்குப் பதிலாக இடும் அடையாளத்தைக் குறிப்பது அது. அடையாளம் இட்டவருக்கும் அதுவே பெயராயிற்று. இன்று வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. ஒரு சான்றிதழுக்காகச் சென்ற அலுவலகத்தில், என் தந்தை அருகில் நிற்கும்போதே, "அப்பா தற்குறியா?" என்று என்னிடம் கேட்டார் ஒருவர்.

என் தந்தை கொத்தனார். கடைக்கால் தோண்டுமுன் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்து மூலைமட்டம் பிடிப்பார். பிதாகரஸ் தேற்றத்தை நான் பள்ளியில் படித்தேன். அவர் அதைக் கொண்டு வீடுகள் கட்டியிருக்கிறார். அவருக்குத் தெரியாதது எழுத்து, அறிவன்று. 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்றால் உண்மை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. யார் மனமும் புண்படுவதில்லை. 'தற்குறி' கடுஞ்சொல் என்பது இருக்கட்டும். அது பிழையான சொல் என்பதே என் வாதம்.

சொல்லை மாற்றினால் வாழ்வு மாறிவிடுமா என்று சிலர் கேட்கலாம். அரசு ஆவணங்களில் 'ஊனமுற்றோர்' என்றிருந்தது 'மாற்றுத்திறனாளிகள்' என மாறியதனால் மட்டும் படிக்கட்டுகள் சாய்தளங்களாகிவிடவில்லை, உண்மைதான். ஆயினும், ஒருவரைக் குறையைச் சொல்லியே அழைக்கும் இடத்தில் அவருக்குச் சாய்தளம் வேண்டும் என்ற எண்ணம் எழுவது அரிது.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். நாளை அலுவலக மேசைகளின் பின்னே அமரப்போகிறவர்களும் நாமே. அன்று நம் முன் தயங்கி நிற்கும் பெரியவரிடம், "ஐயா, கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்க அதிக நேரம் ஆகிவிடாது. அதற்கான பழக்கத்தை இன்றே, இந்தக் கல்லூரி வளாகத்திலேயே தொடங்குவோம்!