வேதனையின் சாட்சிகள்

1974-ஆம் ஆண்டில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கலைக்கூடமொன்றில், மரீனா அப்ரமோவிச் என்னும் யுகோஸ்லாவியக் கலைஞர், ரோஜாவும் தேனும் இறகும் முதலாகக் கத்தரியும் துப்பாக்கியும் ஒரு தோட்டாவும் ஈறாக 72 பொருள்களை மேஜைமீது பரப்பி, அவற்றைத் தம் தேகத்தின்மீது இஷ்டம்போல் பிரயோகிக்கலாம் என்று வந்தவர்களுக்கு அனுமதி தந்து, ஆறு மணி நேரம் எதிர்ப்பின்றி நின்றார்.

முதலில் சாதுவாயிருந்த கூட்டம், நேரம் செல்லச் செல்ல, அவர் ஆடையைக் கத்தரித்து, சருமத்தைக் கீறி, கடைசியில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அவரை நோக்கியே திருப்பிற்று. காலம் முடிந்து அவர் அடியெடுத்து வைத்தபோதோ, முகம் பார்க்கத் துணியாமல் கலைந்தோடிற்று.

தன்னை வருத்திக்கொள்வதெல்லாம் கலையாகிவிடாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், மேடையில் சிந்தும் பொய் ரத்தத்துக்குக் கண்ணீர் விட்டு நிம்மதியாய் வீடு திரும்பும் நம்மை மெய்யான வேதனையின் எதிரே நிறுத்தி, நாம் ரசிகரா, சாட்சியா, உடந்தையா என்று வினவுவதிலேதான், கலைஞர் தம் உடலையே பணயம் வைக்கும் இக்கலையின் அர்த்தம் அடங்கியிருக்கிறது. அன்று அந்தக் கூட்டத்தில் தடுக்க முன்வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களே உத்தம ரசிகர்கள்.